நான்கு கொடி பார்த்த மைதானம்

எர்ணாகுளத்திலும் களமசேரியிலும் ஆலுவாயிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் வழக்கமாக மூன்று வழிகள்தான். அறையிலேயே படுத்துத் தூங்கலாம். சினிமாவுக்குப் போகலாம். இல்லையென்றால் மெரைன் டிரைவ் காயலோரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவிட்டு, கடலையை வாங்கிக் கொறித்துக்கொண்டு பஸ் ஏறலாம்.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. கையில் பத்து இருபது ரூபாய்ச் சில்லறை இருந்தால் போதும். எர்ணாகுளம் படகுத்துறையில் சர்க்கார் படகில் ஏறிவிட வேண்டியதுதான். காயலைக் கடந்து போர்ட் கொச்சி போய் இறங்கினால், படகுத்துறையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் போதும். பெரிய பெரிய மரங்கள் காவல் நிற்க, நடுவே விசாலமாகப் பரந்து கிடக்கும் ஒரு மைதானம் கண்ணில் படும். பெயர்ப் பலகையைத் தேடி அலைய வேண்டாம். யாரைக் கேட்டாலும் "பரேட் கிரவுண்ட்" என்று கை காட்டுவார்கள். நம் மொழியில் சொன்னால் அணிவகுப்பு மைதானம்.

பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை! சிலை கிடையாது, நீரூற்று கிடையாது, டிக்கெட் கொடுக்கும் கூண்டும் கிடையாது. வெறும் மண்ணும் புல்லும்தான். காலை வேளையில் பையன்கள் பந்து உதைப்பார்கள், மாலையில் கிரிக்கெட் ஆடுவார்கள். மதியம் ஆகிவிட்டால் நிழலில் ஓர் ஆடு படுத்திருக்கும். இந்த வெறும் மண் நான்கு அரசுகளின் கொடிகளைப் பார்த்த மண். அந்தக் கதைக்குள் நம் தமிழ் ஜனங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

மரமும் நிழலும்

முதலில் மரங்களைப் பாருங்கள். நம் ஊரில் தூங்குமூஞ்சி மரம் என்போமே, அதுதான். மலையாளத்தில் மழமரம் என்று சொல்கிறார்கள். அந்தி சாய்ந்தால் இலைகளை மடித்துக்கொள்ளும். வானம் மூடிக்கொண்டு மழை வரப்போகிறது என்றாலும் மடித்துக்கொள்ளும். நம் நாட்டு மரம்போல் தோன்றினாலும் இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. அதுவும் கடல் கடந்து பிழைக்க வந்ததுதான். வந்த இடத்தில் வேர் பிடித்து, இப்போது ஊருக்கே குடை பிடித்து நிற்கிறது.

அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டு சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டால் பழைய கட்டிடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். புனித பிரான்சிஸ் தேவாலயம் ஒன்று. டேவிட் ஹால் என்ற ஓட்டு வீடு இன்னொன்று. மேட்டின் மேல் பிஷப் மாளிகை. டச்சுக் கம்பெனியின் மூன்றெழுத்து முத்திரை பொறித்த பழைய வாசல் ஒன்றும் அருகில் நிற்கிறது. அதில் 1740 என்று ஆண்டு இருக்கிறது. இவற்றைத் தனித்தனியாகப் போய்ப் பார்ப்பவர்கள் உண்டு. மைதானத்தின் நடுவில் நின்று எல்லாவற்றையும் ஒருங்கே பார்த்தால்தான் விஷயம் விளங்கும். வந்தவன் ஒவ்வொருவனும் இந்தத் திடலைச் சுற்றியே தன் வீட்டைக் கட்டினான். திடலை மட்டும் திறந்தே விட்டுவைத்தான். ஏனென்றால் அவனுடைய பட்டாளம் நடைபழக இடம் வேண்டியிருந்தது.

முதல் கொடி

முதலில் வந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். 1503-ம் ஆண்டில் கொச்சி அரசரின் அனுமதியோடு இங்கே ஒரு கோட்டை எழுப்பினார்கள். முதலில் அது மரக்கோட்டை. தங்கள் நாட்டு மன்னர் மானுவேலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இந்திய மண்ணில் ஐரோப்பியர் கட்டிய முதல் கோட்டை அதுதான். கூடவே ஒரு சிறிய மரத் தேவாலயமும் எழுந்தது. பிறகு அதைச் செங்கல்லால் கட்டி, 1516-ல் புனித அந்தோணியாரின் பெயரில் முடித்தார்கள். இன்று புனித பிரான்சிஸ் தேவாலயம் என்று வழங்குவது அதுவே. மேட்டின் மேல் இருக்கும் பிஷப் மாளிகை முதலில் போர்த்துக்கீசிய கவர்னரின் வீடாக இருந்தது. அதன் காலம் 1506.

கடல்வழி கண்டு வந்த வாஸ்கோடகாமாவின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கோழிக்கோட்டில் அவர் இறங்கிய கதை தெரியும். அவர் கண்ணை மூடிய இடம் பலருக்குத் தெரியாது. மூன்றாவது முறையாக, வைஸ்ராய் பதவியோடு வந்த அவர், சில மாதங்களுக்குள்ளேயே 1524 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இந்தக் கொச்சியில்தான் இறந்தார். இந்தத் தேவாலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள். சுமார் பதினான்கு ஆண்டுகள் கழித்து எலும்புகளை எடுத்துப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது தேவாலயத்துக்குள் ஒரு கல்லும் அதைச் சுற்றிக் கம்பிவேலியும் மட்டும் இருக்கின்றன. வெறும் குழி! ஆனாலும் அதைப் பார்க்க உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஜனங்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். பெயருக்கு இருக்கிற பலம் அப்படி.

கொச்சியில் அச்சேறிய தமிழ்

இங்கே ஒரு நிமிஷம் நின்று, நாம் தலைநிமிர்ந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தியைக் கேளுங்கள். போர்த்துக்கீசியர் காலத்துக் கொச்சியில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சிடப்பட்டது. ஆண்டு 1579. புத்தகத்தின் பெயர் "கிரீசித்தியானி வணக்கம்". தூத்துக்குடிக் கடற்கரையில் மீன்பிடிக்கும் பரதவ மக்களிடையே பல ஆண்டுகள் வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார் என்ற பாதிரியார் தயாரித்த நூல் அது. அதற்கு முந்தின ஆண்டு, 1578-ல், கொல்லத்தில் அவருடைய "தம்பிரான் வணக்கம்" அச்சாகியிருந்தது.

இந்திய மொழிகளிலேயே சொந்த எழுத்தில் முதலில் அச்சேறியது தமிழ் என்ற பெருமை நமக்கு உண்டு. அந்த முதல் இரண்டு புத்தகங்களும் அச்சான இடம் சென்னையும் அல்ல, மதுரையும் அல்ல. இன்று நாம் பிழைக்க வந்திருக்கிற இந்த மலையாளக் கரைதான். கொச்சியில் தமிழனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தமிழ் எழுத்து கோத்தாயிற்று ஐயா என்று சொல்லலாம்.

இரண்டாவது கொடி

1663-ல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். கத்தோலிக்க ஆலயங்களை இடித்துத் தள்ளினார்கள். பிரான்சிஸ் தேவாலயத்தை மட்டும் தங்கள் புராட்டஸ்டண்டு வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த சான்டா குரூஸ் ஆலயம் ஆயுதக் கிடங்கானது. அதைப் பின்னால் பிரிட்டிஷார் இடித்தார்கள். இப்போது நாம் பார்க்கும் சான்டா குரூஸ் பேராலயம் 1905-ல் அபிஷேகம் செய்யப்பட்ட புதுக் கட்டிடம்.

மைதானத்தை ஒட்டிய டேவிட் ஹால் 1695 வாக்கில் டச்சுக் கம்பெனியார் கட்டியது. பிற்காலத்தில் அங்கே வாழ்ந்த டேவிட் கோடர் என்ற யூத வியாபாரியின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. இப்போது ஓவியக் கண்காட்சிகள் நடக்கின்றன.

டச்சுக்காரர் காலத்தில் நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 1670 முதல் 1677 வரை மலபார்ப் பகுதிக்கு கவர்னராக இருந்த வான் ரீட் என்பவர், இந்த நாட்டு மூலிகைகளையும் மரம் செடிகொடிகளையும் படம் எழுதிப் பதிவு செய்தார். அது "ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்" என்ற பெயரில் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. அந்த வேலையில் அவருக்குப் பெரிய துணையாக இருந்தவர் இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர். தாம் சொன்ன செய்திகள் உண்மை என்று 1675 ஏப்ரல் 20 அன்று அவர் எழுதிக்கொடுத்த சாட்சி வாக்குமூலம், அவருடைய எழுத்திலேயே புத்தகத்தின் முதல் பாகத்தில் அச்சாகியிருக்கிறது. அதனால்தான் இன்றும் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் புகழ் முழுவதும் கவர்னருக்கே போயிருக்கும்.

டச்சுக்காரர்கள் விட்டுப்போன இன்னொன்றும் இருக்கிறது. தேவாலயத்தில் பாதுகாக்கப்படும் ஞானஸ்நான, கல்யாணப் பதிவேடு. 1751 முதல் 1804 வரை, யாருக்கு எப்போது குழந்தை பிறந்தது, யார் யாரை மணந்தார்கள் என்று ஒரு குமாஸ்தா உட்கார்ந்து எழுதிவைத்த நோட்டு அது. எழுதியவருக்கு அது அன்றாட ஆபீஸ் வேலை. நாளைக்கு இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். பேரேடும் ரிஜிஸ்தரும் எழுதியே கை தேய்ந்துபோன நம் குமாஸ்தா நண்பர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்.

மூன்றாவது கொடி

1795 அக்டோபரில் பிரிட்டிஷார் வந்தார்கள். 1806-ல் கோட்டையைத் தகர்த்தார்கள். 1814-ல் லண்டனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி, கிழக்கே சுமத்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாங்கா என்ற தீவை டச்சுக்காரரிடம் கொடுத்துவிட்டு, கொச்சியைத் தங்களுக்கே என்று பிரிட்டிஷார் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பண்டமாற்று மாதிரி! இரண்டு ஊரிலும் குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகு இந்தச் சிறிய இடம் "பிரிட்டிஷ் கொச்சி" ஆயிற்று. சுற்றிலும் கொச்சி மகாராஜாவின் சமஸ்தானம். நடுவில் இது மட்டும் மலபார் ஜில்லாவின் ஒரு துண்டு. மலபார் ஜில்லாவோ சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. ஆகவே 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் பிறக்கும்வரை, இந்த மைதானம் சென்னைக் கோட்டையின் ஆட்சியில்தான் இருந்தது. இங்கேயுள்ள ஆபீஸ்களின் பைல்கள் சென்னைக்குத்தான் போய் வந்தன. தேவாலயத்துக்கு வெளியே முதல் உலகப் போரில் இறந்த கொச்சிவாசிகளுக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. 1920-ல் அதைத் திறந்துவைத்தவர் சென்னை கவர்னர். பிறகு 1967 நவம்பர் 1 அன்று போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் மூன்று முனிசிபாலிட்டிகளையும் சேர்த்துக் கொச்சிக் கார்ப்பரேஷன் உண்டாக்கினார்கள்.

தேவாலயத்துக்குள் போனால் தலையை நிமிர்த்திப் பாருங்கள். வரிசையாகத் துணி விசிறிகள் தொங்கும். பங்கா என்பார்கள். ஆராதனை நடக்கும்போது, துரைமார்களுக்கும் துரைசானிமார்களுக்கும் வியர்க்காமல் இருக்க, சுவரில் உள்ள ஓட்டை வழியாகக் கயிற்றை வெளியே விட்டு, வெளியில் நிற்கும் ஆட்கள் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். உள்ளே காற்று, வெளியே வெயில்! சுவர்களில் போர்த்துக்கீசியருடைய கல்லறைக் கற்களும் டச்சுக்காரருடைய கல்லறைக் கற்களும் பெயரோடும் ஆண்டோடும் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1923-ல் வைத்த கடிகாரத்தில்கூட ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி முதலாளியின் நினைவு இருக்கிறது. கயிறு இழுத்தவர்களுக்குக் கல்லும் இல்லை, கடிகாரமும் இல்லை.

உடுப்பை வெளுத்தது யார்?

மறுபடியும் மைதானத்துக்கு வருவோம். அணிவகுப்பு என்றால் என்ன? காலையில் எக்காளம் ஊதும். சிப்பாய்கள் வரிசையாக நிற்பார்கள். உடுப்பில் ஒரு கறை இருக்கக்கூடாது, ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. இந்தக் கடற்கரையில் உப்புக் காற்று, வியர்வை, ஆறு மாதம் மழை. அந்த உடுப்புகள் அத்தனை வெள்ளையாக எப்படி வந்தன?

இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்றால் மைதானத்திலிருந்து கால் மணி நேரம் நடக்க வேண்டும். போகிற வழியில் பட்டாளம் என்றே ஒரு பகுதி உண்டு. விளக்கம் தேவையில்லாத பெயர். அதையொட்டி "வெளி" என்ற இடம். திறந்த இடத்துக்கு மலையாளத்திலும் தமிழிலும் வழங்குகிற ஒரே சொல். அங்கே விசாலமான ஒரு வளைவு. உள்ளே நுழைவதற்கு முன்பே 'தப்', 'தப்' என்று கல்லில் துணி அடிபடும் சத்தம் காதில் விழும். அதுதான் தோபி கானா. சலவைத் துறை.

அங்கே வேலை செய்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் குடும்பத்தினர். டச்சுக்காரர் காலத்திலேயே பட்டாளத்தின் உடுப்பு வெளுக்கத் தமிழ்ச் சீமையிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் தங்கள் முன்னோர்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. டச்சுப் பட்டாளம் போயிற்று, பிரிட்டிஷ் பட்டாளம் வந்தது. அதுவும் போயிற்று. வெளுத்தவர்கள் மட்டும் போகவில்லை. முன்பெல்லாம் அங்கங்கே குளக்கரைகளில் துவைத்துக்கொண்டிருந்தார்கள். 1976-ல் கொச்சிப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இப்போதுள்ள சலவைத் துறையைக் கட்டிக்கொடுத்தது. ஆளுக்கு ஓர் அறை, அதில் ஒரு தொட்டி, ஒரு கல் என்று வரிசையாகத் தடுத்திருக்கிறார்கள்.

நீங்கள் போய்த் தமிழில் பேசினால் போதும். "எந்த ஊரு தம்பி?" என்று கேட்பார்கள். நீங்கள் திருநெல்வேலி என்றோ திண்டுக்கல் என்றோ சொல்லலாம். திருப்பி அதே கேள்வியைக் கேட்டால், "நமக்கு இதுதான் ஊரு" என்பார்கள். வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம். இரண்டும் ஒரே வாயில் தடங்கல் இல்லாமல் வரும்.

கயிறும் கஞ்சியும்

வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்பதே ஒரு படிப்பு. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகத் துணி வரும். ஊறவைத்து, கல்லில் அடித்து, பல தண்ணீரில் அலசுவார்கள். வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவார்கள். வேட்டிக்கும் புடவைக்கும் அரிசிக் கஞ்சி போட்டுப் பிழிவார்கள். பிறகு வெளியே மைதானத்தில் காயப்போடுவார்கள்.

அந்தக் கொடியைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்த முறுக்குக்குள் துணியின் ஓரத்தைச் செருகிவிட்டால் போதும். கடற்காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் துணி பறக்காது. எடுக்கும்போது லேசாக ஓர் இழுப்பு, கையோடு வந்துவிடும். எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்காத இன்ஜினீயரிங் இது! உலர்ந்ததும் கொட்டகைக்குள் இஸ்திரி. கரி போடும் கனமான பெட்டியை இன்னும் கையாள்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டுத் துணி எது என்று குறி போட்டுப் பிரித்து அடுக்குவது இன்னொரு வித்தை.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் பிறந்தால் வெயிலை நம்பி இருக்கிற பிழைப்பு ஆட்டம் காணும். நாள் முழுவதும் தண்ணீரில் நிற்கிற காலுக்கும், குனிந்து நிமிர்கிற முதுகுக்கும் வயதானால் வலிதான் மிச்சம். வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் வந்துவிட்டது. பெரிய ஓட்டல்கள் தாங்களே சலவை இயந்திரம் வைத்துக்கொள்கின்றன. படித்த பிள்ளைகள் வேறு உத்தியோகம் தேடிப் போகிறார்கள். போகட்டும், அது நல்லதுதான். குனிந்தது போதும் என்று ஒரு தலைமுறை நினைத்தால் அதைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் கடைசித் தொட்டி காலியாகும் நாளில், இந்த வேலையை யார் செய்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், எத்தனை தலைமுறை செய்தார்கள் என்பதும் சேர்ந்து காலியாகிவிடக் கூடாது.

நான்காவது கொடி

1947 ஆகஸ்டு 15-க்குப் பிறகு இந்த மைதானத்தில் எந்த அந்நியனுடைய பட்டாளமும் நடை பழகவில்லை. இப்போது இது பிள்ளைகளின் ராஜ்யம். செருப்பைக் கழற்றிக் கோல் கம்பமாக வைத்துப் பந்து ஆடும் பையனுக்கு, அவன் காலடியில் புதைந்திருக்கும் நானூறு ஆண்டுச் சரித்திரம் ஒரு பொருட்டே அல்ல. அப்படித்தான் இருக்கவேண்டும்.

டிசம்பர் கடைசியில் வந்தால் இதே இடம் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும். கொச்சிக் கார்னிவல் என்ற திருவிழா அப்போது நடக்கும். புத்தாண்டு அன்று வேஷம் கட்டிய ஊர்வலம் ஒன்று வெளிப் பகுதியிலிருந்து புறப்பட்டு இந்த பரேட் மைதானத்துக்கு வந்து சேரும். துணி காயும் இடத்துப் பக்கமிருந்து பட்டாளம் நின்ற இடத்துக்கு ஜனங்கள் மேளதாளத்தோடு நடந்து வருகிறார்கள். ஒரு காலத்தில் மூட்டையைத் தலையில் சுமந்து வந்த அதே பாதை!

2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி பினாலே என்ற ஓவிய, சிற்பக் கண்காட்சியும் இந்தச் சுற்று வட்டாரத்துப் பழைய கிடங்குகளிலும் மாளிகைகளிலும் நடந்துவருகிறது. அந்தச் சமயங்களில் வெளிநாட்டுக்காரர் கூட்டம் அதிகம். அமைதி வேண்டும் என்பவர்கள் சாதாரண ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வருவதே நல்லது.

போகிறவர்களுக்கு

எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து சர்க்கார் படகு உண்டு. 2024 ஏப்ரல் முதல் ஹைகோர்ட் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ படகும் போர்ட் கொச்சிக்கு விட்டிருக்கிறார்கள். காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். ஞாயிறு காலையில் பிரான்சிஸ் தேவாலயத்தில் ஆராதனை நடக்கும். அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்கிறேன் என்று உள்ளே நுழையாமல், முடியும்வரை மரத்தடியில் காத்திருங்கள். டச்சுக்காரர்களின் இடுகாடு கடற்கரைப் பக்கம் இருக்கிறது. 1724-ல் ஏற்பட்டது. பெரும்பாலும் பூட்டியிருக்கும், சுவருக்கு வெளியே நின்றே பார்த்துக்கொள்ளலாம். அப்படியே கடற்கரைக்குப் போனால் சீன வலைகள் எழுந்து தாழ்வதைப் பார்க்கலாம். மதியம் சாப்பிட்டுவிட்டு வெளிப் பக்கம் நடந்தால் தோபி கானா. அங்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பொருட்காட்சி அல்ல, பிழைப்பு நடக்கும் இடம். கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள். வேலை செய்கிறவரை நிறுத்திவைத்துப் பேசாதீர்கள். நம் வேலை இடத்தில் நமக்கு என்ன மரியாதை வேண்டுமோ அதே மரியாதை.

ஒரு நோட்டு வாங்குங்கள்

மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இந்த மைதானத்தைச் சுற்றி நினைக்கப்படுகிறவர்கள் எல்லோரும் எங்கோ எழுதப்பட்டவர்கள். வாஸ்கோடகாமா கல்லில் எழுதப்பட்டார். இட்டி அச்சுதன் தாமே எழுதிக்கொடுத்தார். டச்சுக் குழந்தைகளை ஒரு குமாஸ்தா ரிஜிஸ்தரில் எழுதினார். கயிறு இழுத்தவர்களையும் உடுப்பு வெளுத்தவர்களையும் யாரும் எழுதவில்லை. வெளுத்தவர்கள் தங்கள் கதையை வாயாலேயே பேரன் பேத்திகளுக்குச் சொல்லிக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். இழுத்தவர்களைப் பற்றி அதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

நாமும் பிழைக்க வந்தவர்கள்தான். நம்மில் பலருக்கு, தாத்தா எந்த வருஷம் ஊரைவிட்டுக் கிளம்பினார், எந்த ரயிலில் வந்து எந்த ஸ்டேஷனில் இறங்கினார், முதல் சம்பளம் என்ன, எந்த லைன் வீட்டில் குடியிருந்தார் என்பதெல்லாம் தெரியாது. தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களும் போன பிறகு கேட்க ஆள் இருக்காது.

ஆகவே, வாசகர்களே, போர்ட் கொச்சியிலிருந்து திரும்பி வரும்போது கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் வீட்டில் முதலில் இந்த ஊருக்கு வந்தவரின் பெயரை எழுதுங்கள். அதற்குக் கீழே வந்த வருஷம், செய்த வேலை, வாங்கிய கூலி. அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டால் இன்னும் நாலு பக்கம் நிறையும். இலக்கணம் பார்க்க வேண்டாம், எழுத்துப்பிழைக்கும் பயப்பட வேண்டாம். ரிஜிஸ்தர் எழுதுகிற மாதிரி எழுதினால் போதும்.

மைதானத்தின் மேல் பறந்த கொடிகளில் மூன்றை இறக்கியாயிற்று. வெளியில் கட்டியிருக்கும் முறுக்குக் கயிற்றுக் கொடியில் மட்டும் இன்று காலையிலும் துணி காய்ந்துகொண்டிருக்கிறது. அதைக் கட்டியவர்களின் கதையை அவர்கள் பிள்ளைகள் எழுதட்டும். நம் கதையை நாம் எழுதுவோம்.